அறுபதில் வரும் சத்தம்

“கார் அறுபதைத் தாண்டினா போதும், ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம். மூணு மெக்கானிக் பாத்து, மூணு தடவை பேரிங் மாத்தியாச்சு. போகவே மாட்டேங்குது” என்றாள் அவள்.

“நீங்க ஓட்டுங்கம்மா, நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன்” என்றார் நான்காவது மெக்கானிக். காதாலேயே கோளாறைக் கண்டுபிடிப்பவர் என்று பெயரெடுத்தவர்.

அவள் கணவன் கூட வரவில்லை. பட்டறையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஐம்பது வரை ஒன்றுமில்லை. அறுபதைத் தாண்டியதும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே காரை நுழைத்தாள்.

“கேக்குதா?”

கேட்டது. பேரிங் இல்லை, டயர் என்று சொல்ல வாயைத் திறந்தார்; சத்தம் நின்றது. வாயை மூடினார்; மறுபடி வந்தது.

“அம்மா... நீங்க தனியா ஓட்டும்போது வருதா?”

“வராது. யாராவது பக்கத்துல இருந்தாத்தான் வருது. அதான் புரியலை!”

பட்டறைக்குத் திரும்பி இறங்கியதும், மெக்கானிக்கைக் கணவன் ஓரமாக இழுத்துப் போனான்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு சார். நமக்குத்தான் உசுர் பயம்.”

“மெதுவாப் பேசுங்க! பேரிங்னே சொல்லிடுங்க. முந்தின மூணு பேரும் அதைத்தான் சொன்னாங்க.”