ஒரே கலயம், இரண்டு அணில்கள்

பனைமரம் ஒன்றில் அக்காவும் தம்பியுமாக இரண்டு அணில்கள் இருந்தன. உச்சியில் கட்டியிருந்த கலயத்துக் கள்ளை இரண்டும் ஒரே நாளில்தான் முதன்முதலாக நக்கிப் பார்த்தன. அக்கா அதோடு மறந்துவிட்டது. தம்பி தினமும் ஏறியது. நேற்று கலயத்துக்குள்ளேயே விழுந்து சாகக் கிடந்தது. அக்காதான் வாலைப் பிடித்து இழுத்துப் போட்டது. இன்று மறுபடியும் கிளம்பிய தம்பியை அக்கா மறித்தது.

"நானும்தானேடா குடிச்சேன்! எனக்கு வராத கேடு உனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

"உனக்கு எப்படி இருந்துச்சு அக்கா?"

"புளிச்ச தண்ணி. மண்டையிடி. உனக்கு?"

"அம்மா வயித்துச் சூட்டுல படுத்த மாதிரி."

அக்காவுக்குத் திட்ட மனம் வரவில்லை. கூடப் பிறந்தவன்தான், கலயமும் ஒன்றுதான். அந்தச் சூடு தனக்கு ஏன் தெரியவில்லை?

"இப்ப எப்படிடா இருக்கு?"

"குளிருது அக்கா."

சித்திரை வெயில் பனைமட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அக்கா தம்பியை ஒட்டிப் படுத்துக்கொண்டது.