மைக் மாமா

"அந்த ஆளு மட்டும் நாளைக்குக் கூட்டத்துல வாயைத் திறக்கக்கூடாது. சொல்லிட்டேன்!"

சேர்மனின் அக்கா, கைப்பையைச் செகரட்டரியின் மேஜை மேல் தொப்பென்று போட்டார்.

அந்த ஃபேன் கம்பெனியில் செகரட்டரியாகச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகாதவள் அவள். பதறி எழுந்தாள்.

"எந்த ஆளு மேடம்?"

"வேற யாரு? மைக் மாமா!"

மைக் மாமாவைத் தெரியாதவர்கள் கம்பெனியில் கிடையாது. ரிட்டயர்டு ஆசாமி. கையில் இருப்பது சொற்பப் பங்குகள்தான். ஆனால், வருஷா வருஷம் பங்குதாரர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தாரானால், அதைப் பிடுங்கத் தனியாக ஆள் வைக்கவேண்டும்.

"அவரும் பங்குதாரர்தானே மேடம்? சட்டப்படி அவர் கேள்வி கேட்கலாம்..."

"உன் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு. ஃபேனையெல்லாம் கடைகளுக்கு ஏத்திட்டுப் போற லாரி கான்ட்ராக்ட் என் பையனுக்குக் கிடைச்சாகணும். அந்த ஆளு பேசினா காரியம் கெட்டுடும். அப்புறம் இந்த நாற்காலியில வேற யாராவதுதான் உட்கார்ந்திருப்பாங்க!"

அக்கா போனதும், செகரட்டரி நேரே சேர்மன் அறைக்கு ஓடினாள்.

"சார், உங்க அக்கா பையனுக்கே கான்ட்ராக்ட்னா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? ஓட்டெடுப்புல சொந்தக்காரங்க யாரும் கலந்துக்கவும் முடியாது. பேசாம நாளைக் கூட்டத்துலேர்ந்து அந்தத் தீர்மானத்தையே எடுத்துடலாமே?"

சேர்மன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா சொல்லிட்டாங்கம்மா. இருக்கட்டும், வெச்சிடு."

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, 'நம்ம கம்பெனிக்கு நேர்மைதான் முதல்' என்று மூச்சு விடாமல் பேசிய மனுஷர்! எல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கூட்டம். மைக் மாமாவைக் கடைசி வரிசையில், பெரிய தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தாள். மனசு உறுத்தியது. ஆனால், வேலை போய்விட்டால்?

மைக்செட்காரரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கடைசி வரிசைக்கு மைக் போகவேண்டாம். வயர் எட்டலைன்னு சொல்லிடுங்க."

"இது வயர் இல்லாத மைக்குங்க மேடம்."

"அப்ப பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு சொல்லுங்க!"

லாரி கான்ட்ராக்ட் தீர்மானம் வந்தது. சேர்மன் தொண்டையைச் செருமினார்.

"இதுல யாருக்காவது கேள்வி இருக்கா?"

மேடையில் இருந்த டைரக்டர்கள், டீக் கோப்பையில் என்னமோ விழுந்துவிட்ட மாதிரி அதையே உற்றுப் பார்த்தார்கள். முன்வரிசையில் அக்கா முகமெல்லாம் சிரிப்பு.

"யாருக்கும் இல்லை சார். ஓட்டெடுப்புக்குப் போயிடலாம்" என்றாள் செகரட்டரி அவசரமாக.

"இரும்மா. அந்தத் தூணுக்குப் பின்னால ஒரு கை தெரியுதே?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வம்பை இவரே விலைக்கு வாங்குகிறாரே!

மைக் மாமா எழுந்தார். மைக்செட்காரர் பரிதாபமாகக் கையை விரித்தார்.

"பேட்டரி தீர்ந்துடுச்சுங்க."

"மைக் கிடக்கட்டும்யா. எனக்கு என் தொண்டை போதும்! தலைவரே, உங்க அக்கா பையன்கிட்ட மொத்தம் எத்தனை லாரி இருக்கு?"

"மூணு."

"அதுல ஓடுறது?"

சேர்மன் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு."

"மத்த ரெண்டும்?"

"ஒண்ணு ஒர்க்‌ஷாப்ல நிக்குது. இன்னொண்ணு... இனிமேதான் வாங்கப் போறாங்க."

அரங்கமே கொல்லென்று சிரித்தது.

"நல்லாருக்கு! நம்ம ஃபேன் கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள குளிர்காலமே வந்துடும்!"

சொந்தக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க, மற்றவர்கள் ஓட்டுப் போட்டார்கள். தீர்மானம் தோற்றது. மைக் மாமா யார் முகத்தையும் பார்க்காமல், பிஸ்கட் தட்டு இருந்த பக்கம் நடந்தார்.

அக்கா விறுவிறுவென்று மேடை ஏறிவந்தார். செகரட்டரி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அக்கா தம்பியின் கன்னத்தைத் தடவினார்.

"விடுடா. நீ பாவம், என்ன பண்ணுவே? உன்னால ஆனதைச் செஞ்சுட்டே. எல்லாம் அந்தப் பாழாப்போன மனுஷனால வந்தது!"

போகிறபோது செகரட்டரியை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனார். அவர் தலை மறையும்வரை சேர்மன் குனிந்த தலை நிமிரவில்லை.

அறைக்குத் திரும்பியதும் செகரட்டரி அழாத குறையாகச் சொன்னாள்.

"ஸாரி சார். உங்களுக்கு இவ்வளவு பெரிய அவமானம் ஆயிடுச்சு. அடுத்த வருஷம் கூட்டத்தை ஆன்லைன்ல வெச்சிடலாம். அவர் வாயைத் திறக்கும்போதே ம்யூட் பண்ணிடறேன்!"

"ஐயையோ, காரியத்தையே கெடுத்துடுவே போலிருக்கே!"

சேர்மன் எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவங்கம்மா அக்கா. அவங்க முகத்தைப் பார்த்து முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதனாலதான், அந்த லாரிக் கேள்வியையெல்லாம் முந்தாநாளே மைக் மாமாவுக்குப் போன் பண்ணி நானே சொல்லிக் கொடுத்தேன்!"