பச்சைன்னா பாஸ்

“தலை இப்ப எங்க இருக்கு?” என்று காலையிலிருந்து பரமசிவம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டதாக செக்யூரிட்டி சுடலைமுத்து சொன்னார். ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டி, மாதேஷ் அதை மடியிலிருந்து இறக்காமல் கொண்டுபோகிறானாம். கண்டக்டர் ஆட்டுத் தலை என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லையாம்.

அது நாயின் தலை. ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனிக்குப் பரமசிவம் மேனேஜர். முந்தின நாள் கேன்டீன் வாசலில் அத்தனை பேர் நிற்க, அவருடைய கெண்டைக்காலை மட்டும் தேடிப் பிடித்துக் கவ்விய நாய், ஓடிய வேகத்தில் கம்பெனி பஸ்ஸிலேயே அடிபட்டுச் செத்தது.

ஊசிகளைத் தவறாமல் போட்டுக்கொண்டால் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரமசிவத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. நாய்க்கு வெறி இருந்ததா என்று தெரிந்தாக வேண்டும், அதற்கு அதன் மூளையைப் பெங்களூர் லேபில் பார்க்க வேண்டும்.

வெறி பிடித்தவன் தண்ணீரைக் கண்டால் மிரளுவான் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். கேன்டீன் நாராயணம்மா டம்ளர் டம்ளராகக் கொண்டுவந்து வைக்க, அவரும் மிரளவில்லை என்று உறுதி செய்துகொள்ளக் குடித்துத் தள்ளினார். மீதி நேரமெல்லாம் பாத்ரூமுக்கு நடந்தார்.

மாதேஷ் கான்ட்ராக்ட் தொழிலாளி, கன்னடம் நன்றாகப் பேசுவான். அவனும் கூட்டாளிகளும் பெர்மனன்ட் ஆக்கச் சொல்லி எத்தனையோ வருஷமாக நடையாய் நடக்கிறார்கள். பரமசிவமும் அலுக்காமல் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்.

“வாயில்லாச் சீவன் சும்மா கடிக்காது சார்,” என்றார் சுடலைமுத்து. “யாரு வயித்தெரிச்சலோ.”

பரமசிவம் அடுத்த டம்ளரையும் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

மத்தியானம் மாதேஷ் போன் செய்தான். மூளையைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி, அதன்மேல் ஆன்டிபாடி என்று ஒன்றை விடுகிறார்களாம். வெறிநோய்க் கிருமியின் புரதத்தைத் தேடிப் போய் அது ஒட்டிக்கொள்ளுமாம். அதனோடு ஒளிரும் சாயம் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்களாம். கிருமி இருந்தால், எத்தனை கழுவினாலும் சாயம் நிற்கும். இல்லாவிட்டால் கழுவின தண்ணீரோடு போய்விடும்.

“ரோமிங்ல பாடம் நடத்தாதடா. என்ன தெரிஞ்சுது?”

“வெறி இருந்தா எப்படித் தெரியும்னு டாக்டரம்மா மைக்ராஸ்கோப்புல காட்டுனாங்க சார். பச்சப்பசேல்னு மின்னுது.”

பரமசிவத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கம்பெனியில் தேறிய பொருளுக்குப் பச்சை அட்டை, கழித்ததற்குச் சிவப்பு அட்டை.

“பச்சைன்னா பாஸ்தானடா?”

“அது நம்ம கம்பெனியில சார். இங்க பச்சைன்னா வெறி.”

அதோடு பேலன்ஸ் தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது.

பரமசிவம் டம்ளரை எடுத்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. வயிறு கழுத்துவரை நிரம்பியிருந்ததை அவர் யோசிக்கவே இல்லை. முடிந்தது கதை என்று மேஜையில் தலையைச் சாய்த்து அழுதார்.

செத்த பிறகும் அந்த வயிற்றெரிச்சல் துரத்தக் கூடாது. கான்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரையும் பெர்மனன்ட் ஆக்கி ஆர்டர் அடிக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டவைத்தார், ஹெட் ஆபீசுக்கும் ஃபாக்ஸ் அனுப்பினார். பேச்சுவாக்கில் யாரையாவது கடித்துவிடப் போகிறோமே என்று வாயைக் கர்ச்சீப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மெஷின் மெஷினாகப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் என்ன சொல்கிறார் என்றுதான் யாருக்கும் புரியவில்லை.

சாயங்காலம் லேபிலிருந்து டாக்டரம்மாவே கூப்பிட்டார். நாய்க்கு வெறி இல்லை, சாயம் கொஞ்சமும் ஒட்டவில்லை, கண்ணாடி வெறும் இருட்டாக இருக்கிறது என்றார்.

அப்படியானால் அந்தப் பச்சை என்ன என்று கர்ச்சீப்பை இறக்கிவிட்டுக் கேட்டார் பரமசிவம். சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வெறி பிடித்துச் செத்த வேறொரு நாயின் மூளையைப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பது வழக்கமாம். மாதேஷுக்குக் காட்டியது அதைத்தான். அதையும் கன்னடத்தில் தெளிவாகச் சொல்லித்தான் காட்டினாராம்.

மாதேஷ் உள்ளே வந்தபோது நோட்டீஸ் போர்டின் முன்னால் கான்ட்ராக்ட் ஆட்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். பரமசிவம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“மின்னுனது நம்ம நாயே இல்லியாமேடா. ஏண்டா சொல்லல?”

மாதேஷ் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றான்.

“எந்த நாய்னு நீங்க கேக்கலியே சார்.”