மகள் கையில் பட்டை

கதிர்வீச்சு நஷ்டஈட்டு மையத்தில் மிக்கேல் தன் கைப்பட்டையை இயந்திரத்தின் முன் வைத்தான்.

அணு உலையில் வேலை செய்கிறவர்கள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அந்தப் பட்டை பதிந்துகொள்ளும். வருடக் கடைசியில் அதைப் பார்த்து, அளவு தாண்டியவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பயந்து ஒப்பந்த ஆட்கள் பட்டையை வீட்டில் விட்டுவிட்டே உள்ளே இறங்குவார்கள். மேஸ்திரியும் கண்டுகொள்ள மாட்டார். பட்டைக்கு நாடித்துடிப்பு வேண்டும் என்பதால் மிக்கேல் அதை மகள் ஜெனிட்டாவின் கையில் கட்டிவிட்டுப் போவான்.

இந்த வருடம் முடிவதற்குள் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது.

"அதுல ஒண்ணும் இருக்காதே. இல்லன்னு சொல்லிட்டா வைத்தியத்துக்கு எங்க போவோம்?" என்றாள் அவன் மனைவி லூர்து.

"அனுமதித்த அளவைவிட நான்கு மடங்கு பதிவாகியுள்ளது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்றது இயந்திரம்.

சிலுவை போட எழுந்த லூர்துவின் கை நெஞ்சருகே நின்றுவிட்டது. "பட்டை வீட்லதானங்க இருந்துச்சு?"

மிக்கேல் மகளைப் பார்த்தான். தினமும் உலையிலிருந்து வந்ததும், தூசி படிந்த சட்டையைக்கூட மாற்றாமல் அவளைத்தான் முதலில் தூக்கிக்கொள்வான்.

அவர்களுக்கு நடுவே நின்ற ஜெனிட்டா பட்டையை எடுத்துக்கொண்டு, வெறுங்கையை அவனிடம் நீட்டினாள்.

"கட்டிவிடுங்கப்பா."