தை மாதத்தில் ஃபான்

"தை மாசத்தில ஃபான் போடுற மனிசியை நீங்கள் எங்கையாவது கண்டிருக்கிறியளா?" என்று கேட்டாள் ஜென்சி.

றொசான் குனிந்து காதைத் தரையில் வைத்தான். கீழ் வீட்டில் ஃபான் சுற்றுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மொன்ட்ரியால்-நோர் முழுக்கப் பனிக்குள் கிடந்தது.

"ஃபான் மட்டுமே? யன்னலும் திறந்து கிடக்குது. குப்பை வைக்கப் போகேக்க பாத்தனான்" என்றான்.

"ஐயோ மாதாவே! அன்ரிக்கு மண்டை பிசகிப்போச்சு. இண்டைக்கு யன்னல், நாளைக்கு அடுப்பை நிப்பாட்டாமல் படுத்திடுவா. பச்சைப்பிள்ளையோட நான் இதில இருக்க மாட்டன். எழும்புங்கோ, கடிதத்தைக் குடுத்திட்டு வருவம்."

கடிதம் மூன்று நாளாக றொசானின் சட்டைப் பையில் இருந்தது. லீஸ் ஆனி மாதத்தோடு முடிகிறது. வீட்டை விடுவதென்றால் இப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிவிட்டான், கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

வீட்டுக்காரி பிலோமினம்மா கீழ் வீட்டில் தனியாக இருப்பவர். வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். ஆனால் கார்த்திகையில், ஏழு கிழமை முந்திப் பிறந்த பிள்ளையோடு அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, "அறை இருபத்திநாலு பாகையில இருக்கவேணுமாம் அன்ரி, இஞ்ச இருபதைத் தாண்டுதில்லை" என்று றொசான் தயங்கித் தயங்கிச் சொன்னதும், மூன்றாம் நாளே ஒரு பெட்டியோடு படியேறி வந்து நின்றார்.

"வயரில்லாத தேர்மோஸ்ராற். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி, எங்க வேணுமெண்டாலும் கொழுவலாம். யன்னல் பக்கச் சுவரில வேண்டாம், குளிரைத்தான் காட்டும். ஹீற்றருக்கு மேலயும் வேண்டாம், பொய் சொல்லும்."

அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடைசியில் தொட்டிலின் தலைமாட்டுச் சுவரைக் காட்டினார். றொசான் ஆணி அடித்து, இரண்டு பற்றரியும் போட்டான். பிலோமினம்மா பேஸ்மென்றுக்கு இறங்கி, வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"இப்ப பட்டனை அமத்திப் பிடி! பச்சை லைற் மினுங்குதோ?"

"ஓம் அன்ரி, மினுங்குது!"

அன்று பின்னேரமே வீடு கதகதவென்று வந்துவிட்டது. "இருவத்தினாலில வை. குறைச்சியோ, கையை முறிப்பன்" என்றார் பிலோமினம்மா.

"அப்ப உங்கட வீட்டுக்கு?"

"கீழ் வீட்டை நான் பாத்துக்கொள்ளுவன். நீ உன்ர பிள்ளையைப் பார்."

இரண்டு கிலோவாக வந்த பிள்ளை இப்போது நாலு கிலோ. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு வருகிறது. அப்படிச் செய்த மனிசிக்கு இந்தக் கடிதத்தை எப்படி நீட்டுவது?

ஜென்சி பிள்ளையைப் போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டாள். மூவருமாக இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்கள்.

கதவு திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. பிலோமினம்மா மெல்லிய பருத்திச் சட்டையோடு, கழுத்தில் ஈரத் துவாயோடு நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"அட, என்ர ராசா வந்திட்டாரோ! குடுங்கோ இஞ்சால" என்றவர், ஓடிப்போய் யன்னலைச் சாத்தி, ஃபானையும் நிறுத்திவிட்டு வந்தார். "பிள்ளைக்குக் காத்துப் படக்கூடாது."

"அன்ரி, இது வீடோ, பாண் போடுற போறணையோ?" என்றாள் ஜென்சி.

"எனக்குக் குளிர் கூட, பிள்ளை."

"அப்ப ஏன் யன்னலைத் திறந்து வைக்கிறியள்?"

"வேர்க்குதெல்லே!"

'பாத்தியளா' என்பதுபோல் ஜென்சி புருஷனின் காலை மிதித்தாள். றொசான் அசையவில்லை. அவளே அவன் பையிலிருந்து கடிதத்தை உருவி மேசையில் வைத்தாள்.

பிலோமினம்மா பிள்ளையை மடியில் வைத்தபடியே வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். குரல் இறங்கிவிட்டது.

"வீட்டை விடப்போறியளோ? பிள்ளைக்குச் சூடு காணேல்லையோ?"

பிலோமினம்மாவின் நாடியிலிருந்து வியர்வை சொட்டியது.

"அதில்லை அன்ரி... பேந்து கதைப்பம். முதல்ல உந்தச் சூட்டைக் குறைக்கிறன். மயங்கி விழப்போறியள்."

ஜென்சி விறுவிறென்று நடைப்பக்கமாகப் போய்ச் சுவரைத் தடவினாள். தேர்மோஸ்ராற் இருக்க வேண்டிய இடத்தில் பழைய பெயின்ற் சதுரமாகத் தெரிந்தது. கறுப்பு ரேப் சுற்றிய இரண்டு வயர் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து ஆணியில் ஒரு செபமாலை தொங்கியது.

"அன்ரி, இதில இருந்த பெட்டி எங்க?"

பிலோமினம்மா பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தார். தலை நிமிரவில்லை.

"கழட்டிப் போட்டன். ரெண்டு வீட்டுக்கும் ஒரு பொயிலர்தானே பிள்ளை, அதுக்கு ஒரு பெட்டிதான் வைக்கலாம். அது இவன்ர தலைமாட்டில கிடக்குது. மேல இருவத்தினாலு வர, கீழ முப்பது வந்திடும்... சொன்னால் எனக்காண்டிக் குறைச்சுப்போடுவியள் எண்டுதான் சொல்லேல்லை."

ஜென்சி மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்தாள். நாலாக மடித்து, பிலோமினம்மாவின் முகத்துக்கு நேரே விசிறத் தொடங்கினாள்.