வளைவில் மட்டும் பாட்டு

“வளைவு வந்தா மட்டும் ஏம்ப்பா பாட்டு சத்தத்தைக் கூட்டுதிய?” என்று சுபிதா ஒருமுறை காரில் கேட்டாள். அவளுடைய அப்பா ஐயப்பன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

கருங்கல் சந்தை அருகே லீலாபாய் டீச்சரின் பழைய கார் திடீரென்று நின்றது. கியர் விழுந்தது, எஞ்சின் உறுமியது, வண்டி மட்டும் நகரவில்லை. நாலு பேர் ஐயப்பனின் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிவந்தார்கள்.

“இடது பக்கம் ஆக்சில் ஜாயிண்ட் ஒடைஞ்சிருக்கு,” என்றான் ஐயப்பன். “திருப்பும்போது டக்டக்குன்னு கேட்டிருக்குமே, காதை எங்க வச்சிருந்திய டீச்சரே?”

“வாங்கி ஒரு மாசந்தான் ஆச்சு. பழைய வண்டின்னா சத்தம் வரும்னு புரோக்கர் சொன்னாரு.”

“பிள்ளையளுக்குப் பாடம் எடுத்தா போதுமா? வாங்குததுக்கு முன்னாடி வளைச்சு ஓட்டிப் பாக்க வேண்டாமா? ஏமாறதுக்குன்னே பொறந்த ஆளுவ!”

தள்ளிவந்தவர்கள் சிரித்தார்கள்.

“நாளைக்கு எங்க வீட்டு சாருக்கு டயாலிசிஸ். பழைய ஜாயிண்ட் ஒண்ணு போட்டுத் தந்தா போதும்,” என்றார் டீச்சர். “குனிஞ்சுகூடப் பாக்காம எந்தப் பக்கம்னு சொல்லிட்டியளே, கெட்டிக்காரர்தான். இதை வித்தவரையும் ஆண்டவர் நல்லா வச்சிருக்கட்டும்.”

எல்லாரும் போனபின், போன மாதம் தானே புரோக்கர் மூலம் விற்ற அந்தக் காரின் அடியில் ஐயப்பன் படுத்தான். இரண்டு பக்கமும் புதிய ஆக்சிலே மாட்டினான்.

பிறகு ஆளில்லாத சாலையில், பாட்டை நிறுத்திவிட்டு, வளைவு வளைவாக ஓட்டிப் பார்த்தான்.