வாயில் வந்த பெயர்

“புறா எண்டு பேர் வைச்சா, புறா வளர்க்கிற ஆக்கள்தான் உம்மட வெப்சைட்டுக்கு வருவினம்” என்றான் டெனிஸ்டன்.

அஜிதா தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. தேவாலயத்தில் முதல்நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புத் தைப்பவள் அவள். மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் பார்த்த பக்டரி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தாள். இந்த வசந்தத்தில் ஓடர் வராவிட்டால் மறுபடி பக்டரிதான். அந்தப் பயம் அவளுக்கு நிறையவே இருந்தது.

“சரி, நீங்கள் என்ன பேர் வைச்சிருக்கிறியள்?”

“மொன்றியல் தமிழ் முதல்நன்மை உடுப்புத் தையல் டொட் சீ ஏ. ஆக்கள் கூகிள்ல என்னத்தை அடிச்சுத் தேடுவினமோ, அவ்வளவும் அதுக்குள்ள இருக்கு.”

“அதை அடிச்சு முடிக்க முதல் பிள்ளை வளந்து கலியாணமும் கட்டியிடும். புறா எண்டா வெள்ளை, சின்னப் பேர், ஒருக்காக் கேட்டா மறக்காது. பிரெஞ்சுக்காரரின்ர வாயிலயும் வரும்.”

“கட்டி இவ்வளவு காலம். நான் சொன்ன ஒண்டுக்காவது ஓம் எண்டிருக்கிறீரே?”

“கலியாணத்தண்டு பாதருக்கு முன்னால ஒருக்காச் சொன்னனான். அது காணும்.”

போன் அடித்தது. வெப்சைட் செய்து தரும் பிரசன்னா, சென்னையிலிருந்து. இரண்டு பெயர்களையும் அவனுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள். டெனிஸ்டன் கை நீட்டுவதற்குள் அஜிதா போனைப் பறித்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போய்விட்டாள்.

“நீட்டுப் பேர் வேண்டாம் தம்பி, சின்னதா வையுங்கோ... ஓம்... ஓம் ஓம், அதேதான்! இப்பவே வாங்கிப்போட்டு எங்கட பாதருக்கும் அனுப்பிவிடுங்கோ. நாளைக்குப் பூசையில அறிவிக்கப்போறார்.”

போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தாள். அன்று முழுவதும் டெனிஸ்டன் வீட்டுக்குள் “குர்ர்... குர்ர்...” என்று புறாவைப் போல அனுங்கிக்கொண்டு திரிந்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பாதர் தன் போனைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார்.

“முதல்நன்மை உடுப்புத் தேவையான ஆக்கள் எங்கட அஜிதாவின்ர வெப்சைட்டைப் பாருங்கோ. முகவரி...” கொஞ்சம் தயங்கினார். “ஓம் ஓம் டொட் சீ ஏ.”

பின்வரிசை வாங்கில் யாரோ பழக்கதோஷத்தில் “ஆமென்” என்றார். கோயில் முழுக்கச் சிரித்தது.

அஜிதா பதறிப்போய்ப் போனைத் திறந்தாள். பிரசன்னாவின் செய்தி காத்திருந்தது.

“மேடம், நீங்க போன்ல கடைசியா சொன்ன ‘ஓம்’ கிடைக்கல, யாரோ வாங்கிட்டாங்க. அழுத்தி ரெண்டு தடவை சொன்னீங்களேன்னு ‘ஓம் ஓம்’ வாங்கிட்டேன். புறாவை விட இது சூப்பர். சாமி பேர்ல ஆரம்பிக்கிறீங்க, நல்லா வருவீங்க!”

டெனிஸ்டன் எட்டிப் பார்த்தான். பிறகு அவள் காதடியில் குனிந்தான்.

“கட்டின எனக்கு ஒரு ஓம். அந்தச் சென்னைப் பெடியனுக்கு மட்டும் ரெண்டோ?”